பெஞ்சுக் கதவு

வில்லோபட், சஸ்காட்சுவான்
5 மார்ச் 1972, ஞாயிறு

அன்பு மகள் லிடியாவுக்கு,

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் ஒரே லைனில் நாலு வீடு இருக்கிறதே. நான் வாயைத் திறந்தால் எதிர் வீட்டு அம்மாள் நடுவில் புகுந்து ஸ்கோரைத் திருத்துவாள். அதனால் பேனாவை எடுத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற எழுத்து, பொறுத்துக்கொள்.

மூன்றாவது ஆட்டம் போய்விட்டது. 3-2. ஏழு ஆட்ட ஐஸ் ஹாக்கித் தொடரில் பக்கத்து ஊர் கார்னெட்டுக்கு இப்போது இரண்டு வெற்றி, நமக்கு ஒன்று. நம் ஊர் அரங்கில், நம் ஆட்கள் முன்னாலேயே தோற்றோம். உன் அம்மா காலையிலிருந்து முட்டைக்கோஸ் இலையை வேகவைக்கிறாள். அந்த இலையின் கதிதான் எனக்கும்.

இரண்டாம் பகுதியில் 2-2 இருந்தபோது உன் லோர்ன் ஆள் மாற்றத்துக்காகப் பெஞ்சுக்கு வந்தான். பக், அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு, இன்னும் கார்னெட் பக்கம் உள்ளே போகவில்லை. நடுக்கோட்டில் அதைப் பிடுங்கிக்கொண்டு அவர்கள் இரண்டு பேர் பாய்ந்தார்கள். நம் பக்கம் காவலுக்கு இருந்தது வயதான ஸ்டான் ஒருவர்தான். அதுதான் மூன்றாவது கோல். அதன் பிறகு யாரும் கோல் போடவில்லை.

பயிற்சியாளர் ஹாகன் தொப்பியைக் கழற்றிக் கீழே அடித்து, "எவன்டா உன்னை வரச் சொன்னது?" என்று கத்தினார். லோர்ன் தலையைக் குனிந்துகொண்டு, "நானாத்தான் வந்தேன்" என்றான். அவ்வளவுதான் நடந்தது. ஒரு பையன் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டான். உலகம் அழிந்துவிடவில்லை.

உன் விடுதியில் யாராவது கேட்டால் உன் அப்பனுக்கும் டீமில் பதவி உண்டு என்று சொல்லிக்கொள். பகலில் பள்ளிப் பேருந்தின் கதவு, ஆட்ட நாளில் தடுப்பாட்டக்காரர்கள் உட்காரும் பக்கத்துப் பெஞ்சுக் கதவு, இரண்டையும் திறந்து மூடுவது நான். ஐம்பத்திரண்டு வயதுக்குள் இரண்டு கதவுகளில் தேர்ச்சி.

லோர்னைக் கோபித்துக்கொள்ளாதே. மே மாதம் கல்யாணத்தை வைத்துக்கொண்டு மாப்பிள்ளையோடு பக்கை வைத்துச் சண்டை வேண்டாம்.

அன்புடன்
அப்பா (நெஸ்டர் பாலுக், கதவு நிபுணர்)

---

ரெஜைனா
8 மார்ச்

அன்புள்ள அப்பா,

கோபித்துக்கொள்ளாதே என்று எழுதினால் கோபம் போகுமா, வருமா?

நான் ரேடியோவில் கேட்டேன். போர்வைக்குள் வைத்துக் காதில் ஒட்டிக்கொண்டு கேட்டேன். பாதி இரைச்சல். ஆனால் "ரெய்மர் பெஞ்சுக்குப் போகிறார்" என்று வர்ணனையாளர் சொன்னது தெளிவாக விழுந்தது. நான் கட்டிக்கொள்ளப்போகிறவனின் பெயரை அந்தக் குரலில் கேட்க வேண்டியிருந்தது.

முதல் பகுதியில் என்றால் நானும் விட்டுவிடுவேன். அப்போது பெஞ்சு நம் கோலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் பகுதியில் அணிகள் பக்கம் மாறிவிடுகின்றன, பெஞ்சு தூரத்துக்குப் போய்விடுகிறது. பக் எதிரியின் மூலையில் போய் விழாமல் தடுப்பாட்டக்காரன் காலை எடுக்கக் கூடாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். சாப்பாட்டு மேஜையில் உப்புக் குப்பி நான், மிளகுக் குப்பி எதிரி, வெண்ணெய்த் தட்டு பெஞ்சு. உப்புக் குப்பிக்குத் தெரிந்தது ஆறடி ஆளுக்குத் தெரியாதா?

என் அறைத்தோழி, "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். "டிஃபன்ஸ் செத்துடுச்சு" என்றேன்.

லோர்னுக்கும் எழுதிவிட்டேன். எங்கள் ஊருக்காக ஆடினாயா, பிறந்த ஊர் கார்னெட்டுக்கு வழிவிட்டாயா என்று கேட்டு. கொஞ்சம் காரமாகப் போய்விட்டது. ஆனால் அவன் கேட்க வேண்டியதுதான்.

அம்மாவிடம் கம்பளிக் கையுறை கிடைத்தது என்று சொல்லுங்கள்.

லிடியா

---

வில்லோபட்
12 மார்ச்

அன்பு லிடியா,

நாலாவது ஆட்டத்தை கார்னெட்டிலேயே போய் ஜெயித்தோம். நேற்று ஐந்தாவதை இங்கே தோற்றோம். அவர்களுக்கு மூன்று, நமக்கு இரண்டு.

நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். எல்லாம் சரிதான். ஆனால் தடுப்பாட்டத் தவறு என்பது ஒரே ஆளின் தவறு கிடையாது. நம் நடுவாட்டக்காரன் நடுக்கோட்டுக்கு வந்ததும் பக்கை உள்ளே அடித்திருக்க வேண்டும். அவன் அங்கே நின்று கோலம் போட்டுக்கொண்டிருந்தான். ஹாகன், காலில் வேகம் போன ஸ்டானை லோர்னோடு ஜோடி சேர்த்ததும் தப்பு. பனித்தளம் வேறு அன்றைக்கு இளகிப்போய்க் கிடந்தது. இப்படி நிறைய இருக்கிறது.

ஊர் இதையெல்லாம் பார்க்கவில்லை. கோ-ஆப் கஃபேயில் காலைக் காபிக்கு உட்காருகிற நம் கூட்டம் உனக்குத் தெரியும். அதில் ஹ்யூகோ சொல்கிறான்: "கார்னெட்காரன் கார்னெட்டுக்குத்தான்யா கதவு தொறந்து விடுவான். ரெண்டு வருஷம் இங்க சோறு தின்னா ஊர் மாறிடுமா?" எல்லோரும் சிரித்தார்கள். லோர்ன் வேலை பார்க்கும் மரக்கடை வாசலில் யாரோ கார்னெட் டீமின் தொப்பியை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். அவன் அதைக் கழற்றவில்லை. அதற்குக் கீழேதான் போய்வந்துகொண்டிருக்கிறான்.

நேற்று பக் அவனிடம் வரும்போதெல்லாம் நம் ஆட்களே ஊளையிட்டார்கள். நம் ஆட்களே, லிடியா.

கஃபேயில் நான் என்ன சொன்னேன் என்று கேட்பாய். நான் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். நான் சர்க்கரை போடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். இருந்தும் ஹ்யூகோ பேசி முடிக்கும்வரை கலக்கினேன்.

இன்னொன்று. லோர்ன் இப்போது கதவு வழியாகப் போய்வருவதில்லை. நான் திறந்து வைத்துக்கொண்டு நின்றாலும் பெஞ்சுக்கு முன்னால் இருக்கும் தடுப்புப் பலகையைப் பிடித்துத் தாண்டிக் குதிக்கிறான், அந்த அடிபட்ட வலது முழங்காலோடு. நிச்சயமான நாளிலிருந்து வார்த்தைக்கு வார்த்தை "மாமா" என்பவன், இப்போது என்னைக் கூப்பிடுவதே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூடப் பக்கத்துப் பையனிடம் கேட்கிறான்.

அவனுக்கு நல்லதாக நாலு வரி எழுது.

அப்பா

---

ரெஜைனா
15 மார்ச்

அப்பா,

நல்லதாக எழுத நேரமில்லாமல் போய்விட்டது. நேற்று லோர்னின் கடிதம் வந்தது. அப்படியே எழுதுகிறேன்: "நீ சொன்னது சரி, இரண்டாம் பகுதியில் வந்திருக்கக் கூடாது. பிரின்ஸ் ஆல்பர்ட் நகரத்தில் வேலை கேட்டிருக்கிறேன், தொடர் முடிந்ததும் போகிறேன். மோதிரத்தை என்ன செய்வது என்பது உன் விருப்பம்."

வேறு ஒன்றும் இல்லை. கோபம்கூட இல்லை. நர்ஸ் படிப்பில் இன்றைக்கு ஊசி போடும் வகுப்பு, மருந்தின் அளவை இரண்டு தடவை தப்பாக எடுத்தேன், வாத்தியாரம்மா வெளியே அனுப்பிவிட்டார்.

நேற்றிலிருந்து அந்தக் காட்சியை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். அவசரத்தில் அவனைத் திட்டினேனே தவிர ஒன்றை யோசிக்கவில்லை. பின்னால் சறுக்கி வந்துகொண்டிருக்கும் தடுப்பாட்டக்காரன் பெஞ்சுக்குத் திரும்பினால் பக் அவன் முதுகுப் பக்கம் இருக்கும். அவன் அதைப் பார்க்க மாட்டான். எதைப் பார்த்து வருவான்? ஹாகன் முதல் நாளே போட்ட விதி ஊருக்கே தெரியும்: கதவு திறந்தால் வா, மூடியிருந்தால் நில். கதவுக்காரர் பக்கைப் பார்ப்பார், ஆட்டக்காரன் கதவைப் பார்ப்பான்.

உங்கள் இரண்டு கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். நடுவாட்டக்காரன் இருக்கிறான், ஸ்டான் இருக்கிறார், பனி இளகியது வரைக்கும் இருக்கிறது. கதவு மட்டும் இல்லை.

அதனால் ஒரே ஒரு கேள்வி. அன்றைக்குக் கதவு திறந்திருந்ததா?

லிடியா

---

வில்லோபட்
17 மார்ச்

லிடியா,

திறந்திருந்தது.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு எழுந்து போய்ப் பேருந்தின் முன்கண்ணாடியைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது. திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஆள் மாற்றத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் லோர்ன் கார்னெட்டின் பெரிய ஆள் ஒருவனைத் தோளால் தள்ளிப் பக்கைப் பிடுங்கினான். எனக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பைத் தட்டி ஹ்யூகோ கத்தினான்: "டேய் நெஸ்டர், உன் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான்டா!" நான் திரும்பினேன். திரும்பாமல் இருக்க முடியவில்லை. "யார் பார்த்த மாப்பிள்ளைன்னு நெனச்சே?" என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்டேன். சொல்லப்போனால் அவனைப் பார்த்துப் பிடித்தது நீ, நான் அல்ல. அந்தப் பெருமையைக்கூடத் திருடித்தான் அடித்துக்கொண்டேன்.

முகம் பின்னால் இருந்தது. கை தாழ்ப்பாளில் இருந்தது. இருபது வருஷமாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பேருந்துக் கதவைத் திறக்கிற கை. அது தானாகத் திறந்தது. நான் முன்னால் திரும்பியபோது லோர்ன் உள்ளே காலை வைத்துவிட்டான். கார்னெட் ஆட்கள் பாய்ந்துகொண்டிருந்தார்கள்.

ஹாகன் "எவன்டா வரச் சொன்னது" என்று கத்தியபோது லோர்ன் என்னைப் பார்த்தான். ஒரு மூச்சு விடும் நேரம் பார்த்தான். நான் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் அவன் "நானாத்தான் வந்தேன்" என்றான்.

தவறு நடந்துவிட்டது, சரி. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் சொல்லியிருக்கலாம். மறுநாள் தேவாலய வாசலில் சொல்லியிருக்கலாம். கஃபேயில் ஹ்யூகோ "கதவு தொறந்து விடுவான்" என்று சொன்னானே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவன் பேச்சுக்குச் சொன்னது. எனக்கு மட்டும் அது குறி பார்த்து எறிந்ததுபோல வந்து விழுந்தது. அப்போதும் கலக்கினேன்.

பயந்தேன், மகளே. இந்த ஊரில் எனக்கு இருக்கிற மரியாதையே அந்த ஒரு கதவுதான். படிப்பில்லை, நிலமில்லை. ஆட்ட நாளில் டீம் கோட்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் நிற்கும்போது மட்டும் நானும் ஓர் ஆள். அதைப் பிடுங்கிவிடுவார்கள் என்று, உனக்கு வரவேண்டியவனை ஊளைக்கு நடுவில் விட்டுவிட்டேன்.

அவனுக்கு நீ எழுது. நான் திறந்தேன் என்று எழுது. ஊருக்கு நான் எப்படியாவது சொல்லிவிடுகிறேன்.

அப்பா

---

ரெஜைனா
20 மார்ச்

அப்பா,

ஆறாவது ஆட்டத்தை கார்னெட்டில் ஜெயித்துவிட்டீர்கள் என்று கேட்டேன். மூன்றுக்கு மூன்று. சனிக்கிழமை கடைசி ஆட்டம். சந்தோஷப்பட முடியவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள்மேல் கோபப்படத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என் கடிதம் குறுக்கே வந்து நிற்கிறது. ஹ்யூகோ கஃபேயில் வாய்விட்டுச் சொன்னதை அதற்கு முன்பே நான் மை தொட்டு எழுதி, தபால் தலை ஒட்டி அனுப்பியிருக்கிறேன். பிறந்த ஊருக்கு வழிவிட்டாயா என்று. நீங்கள் அவனுக்காகப் பேசவில்லை. நான் அவனுக்கு எதிராகப் பேசினேன். எது மோசம் என்று நாம் இரண்டு பேரும் இன்னொரு நாள் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

மன்னிப்புக் கேட்டு அவனுக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் கதவைப் பற்றி எழுதவில்லை. அதை நீங்கள்தான் அவனிடம் சொல்ல வேண்டும். முகத்துக்கு நேராக.

ஊருக்குச் சொல்லும்போது ஒன்று. "கதவு நிபுணர்" என்று ஆரம்பிக்காதீர்கள். உங்களை எனக்குத் தெரியும். உங்களை நீங்களே கிண்டல் பண்ணி எல்லோரையும் சிரிக்க வைப்பீர்கள். சிரித்தவர்கள் உங்களைப் பிடித்துப்போய் எழுந்து போவார்கள். லோர்ன் இருந்த இடத்திலேயே இருப்பான். இந்த ஒரு தடவை சிரிக்க வைக்காமல் சொல்லுங்கள், அப்பா.

லிடியா

---

வில்லோபட்
26 மார்ச், ஞாயிறு

அன்பு லிடியா,

சொன்னேன்.

வியாழக்கிழமை காலை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேராகக் கஃபேக்குப் போனேன். உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "மூணாவது ஆட்டத்துல கதவைத் தொறந்தது நான்தான். பக்கைப் பார்க்காம ஹ்யூகோவைப் பார்த்துட்டிருந்தேன். லோர்ன் விதிப்படிதான் வந்தான்" என்றேன். நீ சொன்னபடி ஒரு வேடிக்கை வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

சிரித்துவிட்டார்கள், லிடியா. நான் ஒன்றுமே செய்யாமல் சிரித்துவிட்டார்கள். "அட நெஸ்டர், நீயாடா அது!" என்று ஹ்யூகோ முதுகில் அறைந்தான். யாரோ எனக்குக் காபி சொன்னார்கள். ஒருவர், "பஸ்ஸுன்னு நெனச்சுட்டியா? டிக்கெட் வாங்காமலா ஏத்தினே?" என்றார். அந்தக் கிண்டலை நானே போட்டிருப்பேன். அவ்வளவு சீக்கிரம் மன்னித்துவிட்டார்கள். இருபது நாளாக நான் பயந்து செத்தது இதற்குத்தான்.

அப்போதுதான் என் முகம் எரிந்தது. "சிரிக்காதீங்கய்யா," என்றேன். "இதே தப்பு அவன் மேல இருந்தப்ப ஊளையிட்டீங்க. என் மேலன்னதும் காபி வாங்கித் தர்றீங்க. நான் இந்த ஊர்க்காரன், அவன் வந்தவன், அவ்வளவுதானே வித்தியாசம்?" தொப்பியை மாட்டிக்கொண்டேன். "உங்களைச் சொல்லி என்ன? நீங்க பேசினப்ப நான் காபி கலக்கிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாங்கிக் கொடுத்த காபி மேஜையிலேயே இருந்தது.

அங்கிருந்து மரக்கடை. அந்தத் தொப்பி இன்னும் வாசலில் இருந்தது. ஆணி என்னிடம் வரமாட்டேன் என்றது. நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே லோர்ன் உள்ளேயிருந்து ஆணிபிடுங்கியோடு வந்து என் கையில் கொடுத்துவிட்டு நின்றான். பிடுங்கினேன். பிறகு சொன்னேன்.

"எனக்குத்தான் தெரியுமே," என்றான். "மூணாவது பீரியட் முழுக்க நீங்க சொல்வீங்கன்னு பார்த்துட்டிருந்தேன்."

திட்டியிருந்தால் நிமிர்ந்து நின்றிருப்பேன். பிடுங்கிய ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீயாவது சொல்லியிருக்கலாமேப்பா" என்றேன். "சொன்னா லிடியா உங்க பக்கம் நிக்கறதா, என் பக்கம் நிக்கறதா? அவளை எதுக்கு அங்க நிறுத்தணும்?" என்றான். பிறகு பலகைகளை அளக்கப் போய்விட்டான். உன் கடிதம் அவன் சட்டைப் பையில் இருந்தது. என்ன நினைக்கிறான் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கில்லை.

ஹாகனிடம் போய், கதவுக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். "கடைசி ஆட்டத்துக்கு எவன்யா வருவான்? நில்லு. ஆனா வாயை மூடிட்டு நில்லு" என்றார்.

நேற்று அரங்கில் ஊளை இல்லை. கைதட்டலும் இல்லை, வெட்கப்பட்டவர்கள் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். லோர்ன் முதல் பகுதி முழுக்கப் பலகையைத் தாண்டித்தான் போய்வந்தான். நான் பக்கைத் தவிர ஒன்றையும் பார்க்கவில்லை. பின்னாலிருந்து ஹ்யூகோ இரண்டு தடவை கூப்பிட்டான். என் கழுத்து மரமாகிவிட்டது.

இரண்டாம் பகுதி, 1-1. நீ சொல்லும் அதே தூரத்துப் பெஞ்சு. லோர்ன் களத்தில் வெகுநேரமாக மாட்டிக்கொண்டிருந்தான். முழங்கால் மடங்கவில்லை, தாண்டிக் குதிக்கவும் முடியாது என்று பார்த்தாலே தெரிந்தது. நம் ஆள் பக்கை முன்னால் தள்ளினான். லோர்ன் திரும்பி என்னைப் பார்த்து வந்தான். மட்டையால் கதவைத் தட்டி, "மாமா, கதவு!" என்றான்.

இருபது நாளைக்குப் பிறகு அந்தச் சொல். என் கை திறக்கத்தான் துடித்தது. பக் நடுக்கோட்டில் ஒருவன் காலில் பட்டு நின்றுவிட்டிருந்தது.

"இல்ல! போ! திரும்பிப் போ!" என்று கத்தினேன். இரண்டு கையாலும் தாழ்ப்பாளை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. பக்கைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நான் சொன்னேன், போனான். கார்னெட்காரன் தனியாகப் பாய்ந்து வந்தபோது குறுக்கே விழுந்து மட்டையால் பக்கைத் தட்டிவிட்டான். அது அவர்கள் பக்கத்து மூலைவரை போனது. அப்போதுதான் திறந்தேன். கதவு வழியாக வந்து என் பக்கத்தில் விழுந்தான். மூச்சு வாங்க வாங்க, "தண்ணி" என்றான். என்னிடம்தான் கேட்டான்.

மூன்றாம் பகுதியில் ஸ்டானின் காலில் பட்டுப் பக் நம் கோலுக்குள் போனது. தோற்றோம். தொடர் கார்னெட்டுக்கு. இரண்டு டீமும் வரிசையில் நின்று கைகுலுக்கும்போது கார்னெட் பையன்கள் லோர்னைக் கட்டிப்பிடித்தார்கள். நம் ஊர் ஜனம் எழுந்து நின்று தட்டியது. கொஞ்சம் தாமதம்தான்.

பிரின்ஸ் ஆல்பர்ட் வேலையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வரும் சனிக்கிழமை ரெஜைனாவுக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டான். உன்னோடு முகத்துக்கு நேராகப் பேச வேண்டுமாம். நிலையம்வரை நானே என் வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்றேன்.

"சரி மாமா, வாங்க. வண்டிக் கதவை மட்டும் நானே தொறந்துக்கறேன்" என்றான்.

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். எனக்குத்தான் வரவில்லை.

அப்பா